ஒரு பேரிங் ஹவுசிங், பாதி செலவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் மெஷினில் உலோகம் வெட்டும்) பட்டறையில் அலுமினிய பேரிங் ஹவுசிங்குக்கு, அதாவது பேரிங் உட்காரும் கூட்டுக்கு, விலை கேட்டேன். ஒரே ஒரு சாம்பிளுக்கு அவர்கள் சொன்னது என் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு. பட்டறை அண்ணன் ட்ராயிங்கை விரித்து, "எல்லா அளவும் 0.02 மி.மீ.தான் கூடக்குறைய இருக்கலாம்னு போட்டிருக்கீங்களே தம்பி, எதுக்கு?" என்று பென்சிலால் வட்டம் போட்டார். நியாயமான கேள்வி. 6202 பேரிங் உட்காரும் 35 மி.மீ. துளைக்கு மட்டும் எச்7 என்ற துல்லியமான அளவு வரம்பை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் 0.2 வரை தளர்த்தினேன். உள்ளே குடைந்தெடுக்கும் பள்ளமான பாக்கெட்டின் உள்மூலை ஆரத்தை 1 மி.மீ.யிலிருந்து 4 ஆக்கியதும் பெரிய கட்டரிலேயே வேலை ஓடியது, மெஷின் நேரம் நன்றாகக் குறைந்து விலையும் பாதிக்கு வந்தது. அப்புறம், வெட்டுவதற்கு முன் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் ஒன்று எடுத்து மூடி பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டேன். துளையை மட்டும் போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பக்கத்தில் நின்றே அளந்தேன்: 35.01. பேரிங் கையால் அழுத்தியதும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.