வெளிநாட்டில் இருந்துகொண்டு வேலூர்ப் பக்கம் மனை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

காட்பாடியிலும் குடியாத்தத்திலும் மேல்விஷாரத்திலும் பிறந்து, துபாயிலோ மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிற பலருக்கும் ஓர் எண்ணம் உண்டு. இப்போதே ஊர்ப் பக்கம் ஒரு மனையை வாங்கிப் போட்டுவிட்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது அதில் வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அது. நல்ல எண்ணம்தான். ஆனால் உடனே வீடு கட்டுகிறவர் மனை வாங்குவதும், பல ஆண்டுகள் சும்மா கிடக்கப்போகிற மனையை வாங்குவதும் ஒன்றல்ல. உடனே கட்டுகிறவருக்குக் கடக்கால் தோண்டும்போதே எல்லைச் சண்டையும் பத்திரக் கோளாறும் தெரிந்துவிடும். விற்றவரும் புரோக்கரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து வந்து பார்க்கிறவருக்கோ, விற்றவரின் பிள்ளைகள்கூட எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே நாம் ஊரில் இல்லாத அந்த ஆண்டுகளை மனத்தில் வைத்தே ஒவ்வொரு படியையும் எடுத்து வைக்க வேண்டும்.

முதலில் எதை வாங்கலாம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாடு வாழ் இந்தியர் வீட்டு மனையும் வணிக மனையும் தடையின்றி வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. நம் பக்கம் கொல்லை என்று சொல்லும் புன்செய் நிலம் இதில்தான் அடங்கும். கே.வி.குப்பத்தில் ஐம்பது சென்ட் மாங்கொல்லை மலிவாக வருகிறது, பின்னால் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று உறவினர் சொன்னால், ஆசை எவ்வளவு இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பெற்றோர் வழியில் வாரிசாக வரும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளத் தடையில்லை; விலைக்கு வாங்கத்தான் தடை.

இதைத் தாண்டுவதற்காகப் பணத்தை நீங்கள் அனுப்பி, பத்திரத்தைத் தந்தையின் பெயரில் மட்டும் எழுதும் வழக்கம் இங்கே பரவலாக உள்ளது. பினாமி தடைச் சட்டம் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு விலக்கு அளிக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர் என்றால் உங்கள் பெயரும் கூட்டாகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, தந்தையின் பெயரில் மட்டும் உள்ள மனை, உயில் இல்லாவிட்டால், அவர் காலத்துக்குப் பின் எல்லா வாரிசுகளுக்கும் பங்காகப் போகும். இருபது ஆண்டு உழைப்பை உடன்பிறந்தவர்களிடம் வாதாடிப் பெற வேண்டிய நிலைக்கு யாரும் ஆளாகக் கூடாது.

அடுத்தது மனைப்பிரிவின் அங்கீகாரம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடலாம். மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்கு, அதாவது டி.டி.சி.பி.க்கு உரியது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்ததும் பலருக்குத் தெரியும். ஆனால் விற்பவர் காட்டும் வரன்முறை ஆணை அந்த ஒரு மனைக்கு உரியதா என்பதை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை அலுவலகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ நீங்களே பெற்று, உங்கள் மனை எண் அதில் மனையாகத்தான் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கிய இடமா என்று பாருங்கள். சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் கேளுங்கள். கொடுக்கப்படாத சாலை இன்னும் நில உடைமையாளரின் சொத்து. உங்கள் மனைக்குப் போகும் வழியே பிற்பாடு தகராறாகும்.

ஆவணங்களைப் பார்ப்பதில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். வேலூர் மாவட்டத்தின் பழைய பத்திரங்களைப் படிக்கும்போது பெயர்களே குழப்பும். 1989-க்கு முந்தைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும், அதன் பின் சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர், 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியே பிரிந்தன. சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் காலப்போக்கில் மாறுபவை. ஆதலால் வில்லங்கச் சான்றை இப்போதைய அலுவலகத்தில் மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடையாமல், அந்தக் கிராமம் முன்பு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று விசாரித்து அங்கும் தேட வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பாருங்கள். பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். பதிவு செய்யாத உயிலும், நிலுவையில் உள்ள வழக்கும் அதில் தெரியா. ஊரில் ஒரு நடை விசாரிப்பதும், உள்ளூர் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெறுவதும் அதனால்தான் அவசியம்.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை ஒரு கண்ணியும் விடுபடாமல் கை மாறியிருக்க வேண்டும். பட்டா மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவுதான். உரிமையை நிலைநாட்டுவது பத்திரம். 1980-களில் நடந்த யு.டி.ஆர். நிலப்பதிவேடு மேம்பாட்டின்போது பல ஊர்களில் பெயர்கள் தவறாக ஏறிவிட்டன, சில பெயர்கள் விடுபட்டன. ஆகவே இன்றைய பட்டாவை, கிராம நிலங்களின் விவரம் அடங்கிய பழைய ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அதே பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் கோயில் நிலமா, வக்ஃபு நிலமா, ஏரிப் புறம்போக்கா, 1892-இலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதையும் பாருங்கள். இவற்றில் எதுவாக இருந்தாலும் விலகிவிடுவதே நலம். பஞ்சமி நிலம் என்றால் அது இன்னொருவருக்கு உரியது என்ற நியாயமும் சேர்ந்துகொள்கிறது.

விற்பவர் குடும்பத்தின் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-இல் மத்திய அரசின் திருத்தமும் வந்த பின், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. நான் முதலில் பேசி முடித்த மனை இதனாலேயே கைவிட்டுப் போனது. மூன்று அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். ஆந்திரப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. வாரிசுச் சான்றைக் கேட்டபோதுதான் நான்காவது பெயர் தெரிந்தது. கொடுத்த முன்பணம் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. வாரிசுச் சான்றைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் என்று அதன் பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

காகிதம் சரியாக இருந்தால் நிலத்துக்கு வாருங்கள். பழைய பத்திரங்களில் செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை, எழுதும் முறை எவ்வளவு நிலையற்றது என்பதை என் தந்தையின் பத்திரத்தில் கண்டேன். ‘புளியமரத்துக்கு மேற்கு, நாட்டார் கொல்லைக்கு வடக்கு’ என்று அதில் இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரம் போயிற்று. கொல்லை மூன்று கை மாறிவிட்டது. கிழக்கு எல்லை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை. உங்கள் பத்திரத்தில் நான்கு பக்க அளவையும் அடியிலும் மீட்டரிலும் எழுதச் சொல்லுங்கள். புல எண், உட்பிரிவு எண், மனை எண் மூன்றும் இருக்கட்டும். அளவு குறித்த வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்துப் பதியுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றும், பேச்சில் சென்ட் என்றும் வரும்போது, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட் என்று கணக்கிட்டு ஒப்பிடலாம்.

அரசு சர்வேயரைக் கொண்டு அளக்க இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம். எங்கள் மனையை அளந்த அன்று, புல வரைபடத்தில் இருந்த மூலைக் கல் கண்ணில் படவே இல்லை. சர்வேயர் பக்கத்துப் புலத்தின் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து வந்து ஓர் இடத்தைக் காட்ட, அங்கே சீமைக் கருவேலத்தை வெட்டி ஒரு முழம் தோண்டியதும் கல்லின் தலை தெரிந்தது. அந்தக் கல்லைப் பக்கத்து மனைக்காரர்களும் நின்று பார்க்கும்படி செய்தோம். அளக்கும் நாளில் அக்கம்பக்கத்தாரை அழைத்து வைத்துக்கொள்வது, பின்னாளில் எந்தச் சாட்சியையும்விட உதவும்.

நிலத்தின் தண்ணீரையும் அதே பயணத்தில் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. பக்கத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் பிடித்துக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. தொழிற்பேட்டைக்கு அருகில் என்றால் குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இயன்றால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை வந்து பாருங்கள். 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் பெருக்கெடுத்தபோது எந்தத் தெரு வரை தண்ணீர் வந்தது என்று அங்குள்ளவர்கள் கை காட்டிச் சொல்வார்கள்.

நேரில் வந்து பதிய முடியாதவர்கள் அதிகார ஆவணம், அதாவது பவர், எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பொது அதிகாரம் வேண்டாம். இந்தப் புல எண்ணில் உள்ள இந்த மனையை வாங்கிப் பதிய மட்டும் என்று வரையறுத்த சிறப்பு அதிகாரம் போதும். வெளிநாட்டில் இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெற்ற ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். விற்பவர் தரப்பில் முகவர் கையெழுத்திட வந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேளுங்கள். அவர் இறந்த நொடியில் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடுகிறது.

பணத்தை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து வங்கி வழியாகவே கொடுங்கள். கிரயப் பத்திரத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் ஆகும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் உள்நாட்டு விற்பனையாளருக்குத் தரும் தொகையில் 1 விழுக்காடு வரி பிடித்துச் செலுத்த வேண்டும். விற்பவரே வெளிநாடு வாழ்பவர் என்றால் பிடித்தம் கூடுதல், கணக்காளரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மனைக் கடன் எடுப்பதாக இருந்தால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வீடு கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா உங்கள் பெயருக்கு மாறியதை உறுதி செய்யுங்கள். உட்பிரிவு தேவைப்படும் மனை என்றால் அளவை முடியும் வரை விடாமல் தொடர வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் காலிமனை வரியை உங்கள் பெயரில் தவறாமல் கட்டி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். நான்கு மூலையிலும் கருங்கல் தூண் நட்டுக் கம்பி வேலி போடுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் உங்கள் எதிர்ப்பின்றி, உங்கள் உரிமையை மறுத்து வெளிப்படையாக அனுபவித்து வந்தால், காலவரையறைச் சட்டப்படி மனையை மீட்கும் உங்கள் உரிமையே போய்விடக்கூடும். பக்கத்து வீட்டார் மாடு கட்டுவதோ வேர்க்கடலை போடுவதோ மனவருத்தம் இல்லாமல் நடக்கட்டும். ஆனால் உங்கள் அனுமதியின் பேரில்தான் பயன்படுத்துகிறார் என்று ஒரு தாளில் எழுதி, ஆண்டுதோறும் கையெழுத்து வாங்குங்கள். கொட்டகை போட மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

நான் ஒவ்வொரு தை மாதமும் பதிவுத் துறை இணையதளத்தில் எங்கள் மனைக்கு வில்லங்கம் பார்க்கிறேன். பட்டாவையும் ஒரு முறை திறந்து பார்க்கிறேன். சித்தப்பா மகன் பொங்கலுக்குப் போய் நான்கு தூண்களையும் படமெடுத்து அனுப்புகிறான். இணையத்தில் நான் பார்க்கும் இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆவதில்லை. மூலப்பத்திரங்கள் வங்கிப் பெட்டகத்தில் உள்ளன. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மனைவியிடமும் ஒரு பிரதியாக இருக்கிறது.

கட்டட வரைபட அனுமதியை மனை வாங்கிய கையோடு எடுத்து வைக்க வேண்டாம். அதற்குக் காலவரம்பு உண்டு, விதிகளும் மாறும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. திரும்பி வந்து கட்டப் போகும் ஆண்டில், கொத்தனாரிடம் பேசுவதற்கு முன்பாக, சர்வேயரை மறுபடி அழைத்து அந்த நான்கு கற்களையும் ஒரு முறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.