நிரலாக்க வகுப்பின் பதிவுகளை மற்றவர்களும் பயன்படுத்தும்படி தொகுப்பது எப்படி?

மாணவர்கள் நிரலைக் கம்பைல் செய்வதும் (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுவதும்) சமர்ப்பிப்பதும் சர்வரில் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் பதிவதால், ஒரு கல்லூரித் தரவுக்கு எழுதிய ஆய்வு ஸ்கிரிப்ட் இன்னொரு கல்லூரித் தரவில் ஓடாது. இதற்கென்று உள்ள பொது வடிவம்தான் புரோக்ஸ்னாப்2.

ஒரு ஃபோல்டர் போதும். நிகழ்வுகள் எல்லாம் 'மெயின்டேபிள்' என்ற சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பில், தொகுப்பின் விவரம் 'டேட்டாசெட்மெட்டாடேட்டா'வில், மாணவர் எழுதிய நிரல்கள் 'கோட்ஸ்டேட்ஸ்' ஃபோல்டரில். (பெயர்களைக் கோப்பில் ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி வையுங்கள்.)

ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. ம017 என்ற மாணவர் தன் நிரலின் 12-ஆம் வரியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டு கம்பைல் செய்கிறார் என்று வையுங்கள். இதற்கு மெயின்டேபிளில் இரண்டு வரிகள் வேண்டும்: ஒன்று 'கம்பைல்', அடுத்தது 'கம்பைல்.எரர்'. இரண்டாவதன் 'பேரன்ட்ஈவென்ட்ஐடி' (தாய் நிகழ்வின் அடையாளம்) முதல் வரியைச் சுட்ட வேண்டும்; 'கோட்ஸ்டேட்ஐடி' (அப்போதைய நிரலின் அடையாளம்) இரண்டுக்கும் ஒன்றே. பலர் இதை ஒரே வரியில் அடக்கிவிடுகிறார்கள். ஒரே கம்பைலில் மூன்று பிழைகள் வந்தால் அப்போதுதான் சிக்கல் தெரியும்.

நேரத்துக்குச் சர்வர் கடிகாரத்தையே நம்புங்கள். மாணவரின் கணினிக் கடிகாரம் தவறாக இருந்தால் பிழை முன்னும் கம்பைல் பின்னுமாக வரிசை குலையும்.

அதிகக் கவனம் கேட்பது அடையாள நீக்கம். பதிவெண்ணை எஸ்ஹெச்ஏ-256 என்ற முறை கொண்டு ஹேஷ் செய்துவிட்டால் (புரியாத எழுத்துக்கோவையாக மாற்றிவிட்டால்) போதும் என்பது தவறான நம்பிக்கை. ஒன்பது இலக்க எண்ணில் மொத்தமே நூறு கோடி வாய்ப்புகள்தான். எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட சாதாரணக் கணினிக்குச் சில நிமிடங்களே ஆகும். தற்செயல் எண்களைக் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தொகுப்புக்கு வெளியே பூட்டி வையுங்கள். அதன் பிறகும் பெயர் ஒளிந்திருக்கும்: நிரலின் தலையில் உள்ள கமென்ட், ஜாவாவின் 'ஆதர்' குறிப்பு, பிழைச் செய்தியில் வரும் யூசர் ஃபோல்டர் முகவரி. வகுப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும், தனித்தனிச் சொல்லாகவும், இந்த மூன்று இடங்களிலும் தேடுங்கள். இனிஷியலை மட்டும் எழுதியவர்கள் இதில் தப்பிவிடுவார்கள். ஐம்பது கோப்புகளையாவது கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். ஒப்புதல் தராதவரின் வரிகளோடு அவருடைய நிரல்களையும் நீக்க வேண்டும்.

சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். முன்பூஜ்யங்கள் போய்விடும், 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களின் வால் பூஜ்யமாகிவிடும், அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் (செல்) 32,767 எழுத்துக்கு மேல் நிற்காது.

கடைசியாக மூன்று சோதனைகளை ஸ்கிரிப்டாகவே எழுதுங்கள்: வரிகளின் எண்ணிக்கை மூலத்திலிருந்து கணக்கிட்டதோடு ஒத்துப்போகிறதா, ஒவ்வொரு கோட்ஸ்டேட்ஐடிக்கும் நிரல் இருக்கிறதா, ஒவ்வொரு பிழைக்கும் தாய் நிகழ்வு இருக்கிறதா. ஏதாவது தவறினால் தரவை மாற்றித்தரும் ஸ்கிரிப்டைத் திருத்தி, முதலிலிருந்து ஓட்டுங்கள். சிஎஸ்வியில் கைவைத்தால் அடுத்த பருவத் தரவிலும் அதே பிழை வந்து நிற்கும்.