மழைக்கும் மூங்கிலுக்கும் தாங்குமா? மடங்காத கத்தியைச் சோதித்துப் பார்க்கும் முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் கொல்லையில் நின்ற தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. விடிந்ததும், சரிந்த மாட்டுக்கொட்டகையின் அடியில் சிக்கிக்கொண்ட கன்றை வெளியே எடுப்பதற்காகக் கீற்றையும் கயிற்றையும் அறுத்துக்கொண்டிருந்தேன். அப்போது, வாங்கி ஓராண்டாகியும் ஒருநாளும் சோதித்துப் பாராத என் கத்தியின் பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அலகிலிருந்து பிடிக்குள் சென்றிருந்த இரும்பு, ஆணியைப் போல் ஒல்லியாக, இரண்டு அங்குலம்கூட இல்லாமல், பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் அரிவாளோடு ஓடிவந்ததால் கன்று பிழைத்தது. அதற்குப் பிறகு எந்தக் கத்தி கைக்கு வந்தாலும், அதை ஒரு முழுநாள் சோதிக்காமல் நான் உறையில் போடுவதில்லை. அந்த ஒருநாள் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மடங்காத கத்தி என்று நான் சொல்வது, புஷ்கிராஃப்ட் எனப்படும் காட்டுக் கைவேலைகளுக்கும் ஆபத்துக் காலத்துக்கும் என்று விற்கப்படும், சுமார் 4 முதல் 5 அங்குல அலகும் 3 முதல் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள கத்தியை. அரிவாள் செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவுவது, நனைந்த விறகைப் பிளந்து உள்ளே காய்ந்த பகுதியை எடுப்பது, கயிறு அறுப்பது, மீன் சுத்தம் செய்வது, தீ மூட்டுவது ஆகியவையே இதன் வேலைகள். வெளிநாட்டுக் காணொளிகளில் பனிக்காட்டுப் பைன் மரத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். நம் டெல்டாவில் கத்திக்கு எதிரிகள் வேறு. அவை காய்ந்த மூங்கில், மண் ஏறிய தேங்காய்நார்க் கயிறு, ஐப்பசி கார்த்திகை ஈரம், கடலோர உப்புக்காற்று ஆகியவை. ஆகவே சோதனைப் பொருள்களையும் நம் கொல்லையிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைப் பற்றி முதலில் ஒன்று. சோதனையைச் சொந்தக் கொல்லையிலோ தோப்பிலோ மட்டும் செய்யுங்கள். கோடியக்கரை போன்ற சரணாலயங்களுக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கில் கத்தியும் ஆயுதம்தான். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவை நீங்கலாக, படைக்கல விதிகளின் பட்டியலில் வருகின்றன. 5 அங்குலக் கத்தி அந்த அளவுக்குள் அடங்கிவிடும் என்றாலும், பேருந்திலும் கூட்டத்திலும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போகாமல் பையின் அடியில் வைத்துக் கட்டிக் கொண்டுபோவதே முறை.

வெட்டத் தொடங்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கத்தியை முகத்துக்கு நேரே பிடித்து, முதுகின் மேல் ஒரு கண்ணால் நோக்கினால், அலகு நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் வளைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்து, இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பிடியின் இரு தகடுகளுக்கு நடுவே, சுற்றிலும் இரும்பின் கோடு தெரிந்தால் ஐயமில்லை. பிடி முழுதும் மூடியிருந்தால், இரும்பு எவ்வளவு நீளம் உள்ளே செல்கிறது என்று விற்பவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் பழைய கத்தியைப் பற்றி அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். பிடிக்கும் இரும்புக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி இருந்தால், அங்கே தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமல் துரு வளரும்.

பிடியைச் சோதிக்க, கத்தியை உறையிலேயே வைத்துக்கொண்டு, கையைச் சேற்றுத் தண்ணீரில் நனைத்துப் பிடித்து, உறையின் முனையை ஒரு மரத்தில் ஊன்றி அழுத்துங்கள். கை முன்னோக்கி வழுக்கி அலகின் பக்கம் போகிறதென்றால், மழையில் அந்தக் கத்தி உங்கள் விரலைத்தான் முதலில் வெட்டும். இந்தச் சோதனையில் தோற்ற கத்தியை மேற்கொண்டு சோதிக்க வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கூரைப் பார்ப்பதற்குச் செய்தித்தாள் போதும். தாளின் ஓரத்தைக் கையில் தொங்கவிட்டு, கத்தியின் அடியிலிருந்து நுனிவரை இழுத்து அறுங்கள். ஓசையில்லாமல் போனால் கூர் சமமாக இருக்கிறது என்று கொள்ளலாம். எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கத்தியின் வாயை மேல்நோக்கி, வெயிலிலோ விளக்கிலோ பிடித்துச் சற்றே சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது, அங்கே ஒன்றும் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகவும், பல் விழுந்த இடம் மின்னும் புள்ளியாகவும் தெரியும். இதை ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் செய்ய வேண்டும். கத்தி என்ன வெட்டியது என்பதைவிட, வெட்டிய பிறகு அதன் வாய் எப்படி இருக்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இரும்புக்கு ஏற்றிய உறுதியை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஹார்டுவேர் கடையில் பென்சில் கனத்தில் பித்தளைக் கம்பி ஒரு சாண் வாங்கி, மேசையில் அசையாமல் பிணைத்துவிடுங்கள். கத்தியின் வாயைக் கம்பியின் மேல், கூர்ச் சரிவு படியும் அளவுக்குச் சாய்த்து வைத்து, மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது வாய் நூலளவு மேலெழும்பி வளைவதை எதிர்வெளிச்சத்தில் காணலாம். அழுத்தத்தை எடுத்ததும் அது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் வளைந்தே நின்றால் இரும்பு மென்மை. வளையாமல் சில்லாக உதிர்ந்தால் அளவுக்கு மீறிக் கடினமாக்கியிருக்கிறார்கள். இவ்வகைக் கத்திகளைப் பெரும்பாலும், இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 60 வரை வைத்துச் செய்கிறார்கள்.

மூங்கில் கணுவில் பட்டு வாய் உதிர்ந்த கத்தி ஒன்றை ஒருமுறை எங்கள் ஊர் கொல்லுப்பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். ஆசாரி அதை வாங்கி, அலகின் நடுவே நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். உதிர்ந்த இடத்தில் கட்டைவிரலை நெடுக்காக அல்லாமல் குறுக்காக, மிக மெதுவாக ஓட்டினார். "தம்பி, இதுக்குத் தோய்ச்சல் கூடிப்போச்சு. தண்ணியில போட்டு எடுத்தவன் மறுபடி சூடு காட்டாம விட்டுட்டான்" என்றார். சிவக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது அது கண்ணாடியைப் போல் கடினமாகவும் நொறுங்கும்படியும் ஆகிறது. அதை மீண்டும் மிதமாகச் சூடுபடுத்தினால்தான் சிறிது கடினம் குறைந்து தாங்கும் தன்மை வரும். அந்த இரண்டாம் சூட்டைத் தவிர்த்துவிட்டார்கள் என்பதை அவர் விரலாலும் செவியாலும் கண்டுபிடித்தார். ஆனால், ஆலையில் பட்டைச் சாணையில் வேகமாகத் தீட்டும்போது வாயின் ஓரம் மட்டும் சூடேறிக் கெட்டுப்போவதும் உண்டு. எனவே புதுக் கத்தியின் வாய் முதல்நாள் உதிர்ந்தாலோ மடிந்தாலோ உடனே குறைசொல்லாமல், இரண்டு மூன்று முறை கல்லில் தீட்டி, கெட்ட ஓரம் தேய்ந்த பிறகு மறுபடி சோதித்து முடிவுக்கு வாருங்கள்.

இனி மரம். மென்மையிலிருந்து கடினத்துக்குப் போக வேண்டும். முதலில் காய்ந்த ஒதியன் குச்சி ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக நீண்ட சுருள்களாகச் சீவுங்கள். சுருள் குச்சியிலிருந்து அறுபடாமல், வெற்றிலையோடு போடும் சீவலைப் போல மெல்லியதாக அடுக்கடுக்காக நிற்க வேண்டும். தீ மூட்ட அதுதான் முதல் விறகு. பிறகு சவுக்குக் குச்சியில் முளை செய்து, கயிறு நழுவாதிருக்க ஒரு காடி வெட்டுங்கள். அலகு கனமாகவும் கூர்ச் சரிவு அகன்றும் இருந்தால் காடியின் மூலை சுத்தமாக வராமல் நசுங்கும். இந்த வேலையை அரைமணி நேரம் நிறுத்தாமல் செய்து, பின் உள்ளங்கையைப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே பிடியின் மூலை உறுத்துகிறது. மரப்பிடியானால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்.

இந்த வேலைகளில் எப்போதும் வெட்டு உடலுக்கு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். உட்கார்ந்து சீவும்போது இரு தொடைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டவே கூடாது, தொடையின் உட்புறம் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கை எட்டும் தூரத்துக்குள் குழந்தைகள் நிற்கக் கூடாது. வெட்டுப்பட்டால் காப்பித்தூளையோ மஞ்சளையோ அப்பாமல், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரத்தம் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது பிளக்கும் சோதனை. பலரும் கத்தியை உடைப்பது இதில்தான். கார்த்திகை மழையில் வெளியே ஊறிக் கிடக்கும் விறகின் நடுப்பகுதி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும், அதை எடுக்கக் கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் தட்டிப் பிளக்கிறோம். விறகின் குறுக்களவு அலகின் நீளத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் நுனி மறுபக்கம் நீட்டிக்கொண்டு தட்டுவதற்கு இடம் கொடுக்கும். காய்ந்த பூவரசு விறகு, கணுவில்லாததாக, 3 அங்குலத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுவதற்கு மணிக்கட்டுக் கனமுள்ள பச்சைக் கட்டை போதும். சுத்தியலோ கல்லோ கூடாது. பத்து விறகு பிளந்த பிறகு நிறுத்தி, பிடியை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், ரிவிட்டைச் சுற்றி மயிர்க்கோடு விட்டிருக்கிறதா என்று நோக்குங்கள், வாயை மறுபடி வெளிச்சத்தில் பிடியுங்கள். இத்தனையும் தாங்கியிருந்தால் சீமைக்கருவேலக் கட்டை ஒன்றிரண்டைப் பிளக்கலாம். கத்தி நடுவே இறுகிக்கொண்டால் பிடியைத் திருகாதீர்கள், மரத்தால் செய்த ஆப்பை விரிசலில் செருகி விடுவியுங்கள்.

மூங்கிலுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். மூங்கிலின் மேல்தோலில் மணலில் உள்ள சிலிக்காவே கலந்திருக்கிறது. அதனால் காய்ந்த மூங்கில் கத்தியின் வாயை மரத்தைவிட விரைவாகத் தேய்த்துவிடும். குத்திலிருந்து வெட்டிக் காயவைத்த ஒரு கழியை எடுத்து, கணுக்களுக்கு இடையே நான்காகப் பிளந்து, ஒரு துண்டின் தோலைச் சீவுங்கள். பிறகு ஒரே ஒரு கணுவை மட்டும் குறுக்கே செதுக்குங்கள். எனக்குத் தெரிந்து, கடைக் கத்திகளின் உண்மை வெளிப்படுவது அந்த ஒரு கணுவில்தான்.

கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அளக்க, சுண்டுவிரல் கனமுள்ள தேங்காய்நார்க் கயிறு நல்லது. பலகையின் மேல் கயிற்றை வைத்து, ஒரே நீளத்துக்கு இழுத்து அறுத்துக்கொண்டே போங்கள். பத்து வெட்டுக்கு ஒருமுறை செய்தித்தாளில் பாருங்கள். எத்தனையாவது வெட்டில் தாள் கிழியத் தொடங்கியதோ அந்த எண்ணைக் கத்தியின் பெயரோடு ஒரு நோட்டில் குறியுங்கள். கூடவே, மறுபடி தாளை அறுக்கும் அளவுக்குக் கொண்டுவரக் கல்லில் ஒவ்வொரு பக்கமும் எத்தனை முறை இழுக்க வேண்டியிருந்தது என்பதையும் எழுதுங்கள். ஐம்பது வெட்டு அதிகம் தாங்கி, தீட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும் கத்தியைவிட, பத்து இழுப்பில் கூர் திரும்பும் கத்தியையே வெள்ளக் காலத்துக்கு நான் தேர்ந்தெடுப்பேன். கூரின் சரிவு பக்கத்துக்கு 20 பாகை அளவில் இருந்தால் நம் வேலைகளுக்குப் பொருந்தும்.

முதுகின் ஓரம் செங்கோணமாகக் கூர்ந்திருந்தால் தீப்பொறிக் கம்பியைச் சுரண்டப் பயன்படும். பன்னாடையைக் கையில் கசக்கிப் பஞ்சாக்கி, மேலே கொஞ்சம் தேங்காய்த் தும்பை வைத்து, கம்பியின் முனையை அதில் ஊன்றி, கத்தியை அசைக்காமல் கம்பியைப் பின்னுக்கு இழுங்கள். ஐந்தாறு இழுப்பில் பற்ற வேண்டும்.

கடைசியாகத் துரு. கார்பன் எஃகுக் கத்தியால் வாழைத்தார் வெட்டினால், கறைபட்ட இடம் சில நிமிடங்களில் நீலம் கலந்த கறுப்பாக மாறும். வாழைக் கறையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் அந்த நிறம் கெடுதல் இல்லை. செம்மண் நிறத்தில் புள்ளி வந்தால்தான் அது துரு. அலகின் ஒரு பக்கத்தில் உப்புத்தண்ணீரைத் தொட்டு வைத்து, மறுபக்கத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். துருப்பிடிக்காதது என்று விற்ற கத்தியும் வேதாரண்யம் உப்பளப் பக்கத்துக் காற்றில் புள்ளி விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உறையையும் இதே இரவில் சோதித்துவிடலாம். உறையில் கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள், கத்தி விழக் கூடாது. பிறகு உறையை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, அடியில் துளை வழியாகத் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். தோல் உறையானால் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஐப்பசி பிறந்ததும், என் கத்தியை எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, உறைக்கு வெளியே, டார்ச் விளக்கும் தீப்பெட்டியும் கயிறும் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். உறையை அதன் பக்கத்தில் தனியாக வைக்கிறேன்.