கூப்பிட்டால் வராத ஷிபா, லாசா
ஷிபா இனு, லாசா ஆப்சோ என்ற இரண்டு நாய் இனங்களுக்கும் காது நன்றாகவே கேட்கும். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும், அவ்வளவுதான்.

வந்த நாயை உடனே கயிற்றில் மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போவதுதான் பெரிய தப்பு. ‘வா’ என்றால் ஆட்டம் முடிந்தது என்று சீக்கிரமே புரிந்துகொள்ளும். சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் நாய்களுக்கான வேலி போட்ட இடத்தில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து 10 முறை கூப்பிடுங்கள். 9 முறை பட்டாணி அளவு வேகவைத்த கோழி கொடுத்து, மறுபடி ஓட விடுங்கள். கடைசியில் மட்டும் கயிறு. பக்கத்தில் வேறு நாய் இருந்தால் தீனியை வெளியே எடுக்காதீர்கள், சண்டை வரும்.

வேலிக்கு வெளியே ஹார்னஸ் (மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை) தான். வெறும் கழுத்துப்பட்டை என்றால் ஷிபா பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.