கனடாவில் முதல் குளிர்காலம்: கார் ஹீட்டரையும் ஏசியையும் பழகிக்கொள்ளுங்கள்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கார் ஓட்டிய நமக்கு, ஏசி குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டிய தேவையே வந்திருக்காது. டொராண்டோ, மாண்ட்ரியல், வினிபெக் என எந்த ஊருக்கு வந்து இறங்கினாலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தச் சிவப்புப் பக்கத்தை நம்பித்தான் வண்டி ஓட்ட வேண்டும். உடம்புக்கு இதமாக இருப்பது அப்புறம். கண்ணாடி தெளிவாக இருந்தால்தான் ரோடு தெரியும், அதுதான் முதல் காரியம்.

பெட்ரோல் காரில் ஹீட்டர் தனியாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. எஞ்சினில் உண்டாகும் சூட்டை, அதைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலண்ட் என்ற திரவம் சுமந்து வருகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. கூலண்ட் அதற்குள் ஓட, ஃபேன் அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான் ஹீட்டர். அதனால் எஞ்சின் சூடேறும் வரை உள்ளே வருவது குளிர்காற்றுதான். ஸ்டார்ட் செய்ததும் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, ஹீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம். ஃபேனைக் குறைத்து வையுங்கள், வெப்பநிலை முள் கொஞ்சம் ஏறியதும் கூட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். கண்ணாடிகளைச் சுத்தம் செய்துவிட்டு நிதானமாக ஓட்டத் தொடங்கினால் சீக்கிரம் சூடாகிவிடும். டொராண்டோவில் ஒரு மணி நேரத்தில் 1 நிமிடத்துக்கு மேல் வண்டியைச் சும்மா ஓடவிடக் கூடாது என்று, சில விலக்குகளோடு, நகரச் சட்டமே இருக்கிறது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்து சூடேற்றாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். வண்டிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பெரிய பனி கொட்டிய மறுநாள், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பின்பக்கம் போய் சைலன்சர் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, எல்லாரையும் படுத்தும் கண்ணாடி மங்கல். பனியில் நடந்த பூட்ஸோடு நான்கு பேர் ஏறுகிறார்கள். பூட்ஸில் ஒட்டிய பனி உருகி கார்ப்பெட்டில் இறங்குகிறது, நான்கு பேரின் மூச்சும் சேர்கிறது. கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிடும். கையால் துடைத்தால் கோடு கோடாக இழுத்துக்கொண்டு, எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் இன்னும் மோசமாகும். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தானில் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அது உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான், குளிர்காலத்தில் அணைத்துத்தான் இருக்க வேண்டும். ஊரில் தூசிக்கும் புகைக்கும் பயந்து அதை எப்போதும் போட்டே வைத்திருந்த பழக்கம் இங்கே உதவாது. அடுத்து, முன்கண்ணாடி படத்தில் நெளிந்த அம்புகள் உள்ள டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தி, சூட்டையும் ஃபேனையும் கூட்டுங்கள். பல கார்களில் அப்போது ஏசி விளக்கும் தானாக எரியும். அதை அணைக்காதீர்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. கடும் குளிரில் ஏசி கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) ஓடாது. ஆனால் அப்போது வெளிக்காற்றே வறண்டுதான் இருக்கும் என்பதால் அது போதும். விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் நான்கு வாங்கிப் போட்டு, தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள். இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

வெளியே உறைந்திருந்தால் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். வைப்பர்களுக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. பலர் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு அங்கே குவிந்த பனியை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் காற்றே வரவில்லை என்கிறார்கள். பின்கண்ணாடிக்குத் தனிப் பொத்தான் உண்டு. அது கண்ணாடியில் ஓடும் மெல்லிய மின்கம்பிகளைச் சூடாக்கும், சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும்.

குழந்தை இருக்கிறதா? தடித்த பனி ஜாக்கெட்டோடு கார் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடாதீர்கள். விபத்தில் ஜாக்கெட் அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பெல்ட்டை இறுக்கி, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

வினிபெக், எட்மண்டன் பக்கம் போகிறவர்கள் பழைய கார் வாங்கினால், முன் கிரில்லிலிருந்து பிளக்கோடு ஒரு வயர் தொங்கலாம். அது ப்ளாக் ஹீட்டர், நிறுத்திவைத்த எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் கருவி. குளிர் -15 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் அதைச் செருக வேண்டும். புறப்படுவதற்கு 2 மணி நேரம் முன்னால் ஓடத் தொடங்கும்படி டைமர் வைத்தால் போதும்.

ஹீட்டர் உண்மையிலேயே கோளாறு செய்தால், மெக்கானிக்கிடம் போகும் முன் அறிகுறியைக் கவனித்து வையுங்கள். ஓடும்போது சூடாக வந்து, சிக்னலில் நின்றால் குளிர்ந்து போகிறது என்றால் பெரும்பாலும் கூலண்ட் குறைந்திருக்கிறது. எஞ்சின் முழுக்க ஆறியபின் பானெட்டைத் திறந்து, கூலண்ட் டப்பாவின் பக்கத்தில் உள்ள கோடுகளுக்கு நடுவே அளவு நிற்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் கூலண்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும். எவ்வளவு ஓட்டினாலும் வெப்பநிலை முள் நடுவுக்கு வரவில்லை என்றால் ரேடியேட்டருக்குப் போகும் கூலண்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். ஃபேன் உச்ச வேகத்தில் மட்டும் ஓடுகிறதா, ஃபேன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். இரண்டுமே பொதுவாகச் சின்ன வேலைகள். இனிப்பான ஒரு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், பயணி பக்கம் கார்ப்பெட்டில் ஈரம், இவை சேர்ந்து வந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதை மாற்ற டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும், கூலியே நிறைய வரும். இரண்டு இடத்திலாவது விலை கேளுங்கள். ஒழுகிய கூலண்ட் விஷம். குழந்தையோ நாயோ தொடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

கோடை நமக்குப் பழகிய கதைதான். வெயிலில் நின்ற காரின் ஜன்னல்களைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள், குளிர்ந்ததும் உள்காற்றைச் சுற்றவிடுங்கள். காருக்கு அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீர் இயல்பானது. ஊறிய துணி மாதிரி வாடை வந்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே மாற்றலாம். ஏசி குளிரவில்லை என்றால் கேஸ் நிரப்பி அனுப்பிவிடுவதோடு திருப்திப்படாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் பழைய ஆர்-134ஏயை விட விலை அதிகம், அதனால் இது இன்னும் முக்கியம்.

எலக்ட்ரிக் காரில் எஞ்சின் சூடு கிடையாது, ஹீட்டர் பேட்டரியைத்தான் குடிக்கும். சார்ஜரில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டு, ஓட்டும்போது சீட் ஹீட்டரை அதிகம் பயன்படுத்துங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எந்தப் பருவமானாலும் ஹீட்டர், ஏசி இரண்டையும் சோதிக்க வேண்டும். ஜூலையில் வாங்கினால் வியர்த்தாலும் பரவாயில்லை, எஞ்சின் சூடேறியபின் ஹீட்டரை முழுதாக வைத்து, காற்று கை பொறுக்காத சூட்டில் வருகிறதா என்று பாருங்கள். ஒன்டாரியோவில் விற்பவர் காட்டும் சேஃப்டி சான்றிதழில் (வண்டி ரோட்டில் ஓட்டப் பாதுகாப்பானது என்பதற்கான சான்று) ஏசி குளிர்கிறதா என்ற சோதனை கிடையாது. ஜனவரியில் வெளியே நிறுத்தி நீங்களும் அதைச் சோதிக்க முடியாது. பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், கதகதப்பான கராஜுக்குள் நிறுத்தி, கம்ப்ரசர் ஓடுகிறதா, கேஸ் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.