சரணடைவது என்று முடிவெடுக்கும் முன்பும் பின்பும்

காவல் நிலையம் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை நீதி அமைப்பில் குறைகள் உண்டு. ஏழைக்கு ஒரு நியாயம், வசதி உள்ளவருக்கு ஒரு நியாயம் என்ற குமுறலிலும் உண்மை உண்டு. ஆனால் அதையே காரணம் காட்டித் தாம் செய்த குற்றத்தை மறைத்து வைப்பவர், அமைப்பின் பிழைக்கான சுமையை அதில் எந்தப் பங்கும் இல்லாத பாதிக்கப்பட்டவரின் தலையில் ஏற்றுகிறார். ஆகவே சரணடைவதே முறை என்பதும், எப்படிச் சரணடைவது என்பதில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை என்பதும் என் கருத்து.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, நான் செய்ததற்கு வேறு யாராவது தண்டனை அனுபவிக்கிறார்களா என்பதே. 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயதுக்குட்பட்ட ஐந்து சிறுவர்கள், விசாரணையின் நெருக்கடியில் பெறப்பட்ட வாக்குமூலங்களைக் கொண்டு தண்டிக்கப்பட்டார்கள். வேறு குற்றங்களுக்காகச் சிறையில் இருந்த உண்மைக் குற்றவாளி 2002இல் வாய் திறந்த பிறகே, அவருடைய மரபணு தடயத்துடன் பொருந்துவது தெரியவந்து, அந்தத் தீர்ப்புகள் ரத்தாயின. இப்படி ஒருவர் உங்கள் இடத்தில் சிக்கியிருந்தால், காலம் தாழ்த்த உங்களுக்கு நியாயமே இல்லை.

அடுத்து, காவல் நிலையத்துக்குப் போகும் முன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். நடந்து முடிந்ததைப் பற்றி அவரிடம் சொல்வதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் ரகசியமாகக் காக்கின்றன. நண்பரிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை, நாளை அவரே சாட்சிக் கூண்டில் ஏற நேரிடலாம். கைப்பேசிச் செய்திகளை அழிப்பது, துணிகளை எரிப்பது போன்றவை தனிக் குற்றங்களாகிவிடும் என்பதால் எதையும் தொடாதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் கட்டத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். இந்தியாவில் காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொதுவாக அதைத் தந்தவருக்கு எதிரான சான்றாக்க முடியாது. நீதித்துறை நடுவரே அதைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு முன் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவர் எச்சரிக்கவும் வேண்டும்.

வாக்குமூலத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மனம் கனத்து வருபவர், எப்படியாவது முடிந்தால் போதும் என்று எழுதியதைப் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிடுகிறார். ‘சண்டையில் அவரைத் தள்ளினேன்’ என்று நீங்கள் சொன்னது, ‘கொல்லும் நோக்கத்துடன் தள்ளினேன்’ என்று தாளில் இருந்தால், வழக்கே வேறாகிவிடும். வரி வரியாகப் படித்து, தவறானதைத் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள். செய்ததைக் குறைத்துச் சொல்லாதீர்கள். குற்ற உணர்ச்சியில் செய்யாததையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சித்திரவதையோ மரண தண்டனையோ நேரக்கூடிய இடத்தில், தாமாகப் போய்க் கழுத்தை நீட்டும்படி எவரையும் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அங்கும் வழக்கறிஞர் வழியாக நேரே நீதிமன்றத்தில் சரணடைய வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; தப்பிப் பிழைக்க எடுக்கும் அவகாசம், பாதிக்கப்பட்டவருக்குப் பட்ட கடனைத் தள்ளுபடி செய்துவிடாது.

எடுத்த பணத்தைத் திருப்பித் தருவதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரின் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். உங்களுக்கு அது மன்னிப்பாகத் தோன்றினாலும், அவருக்கு அச்சமூட்டும், சட்டத்தின் கண்ணுக்குச் சாட்சியை மிரட்டுவதாகவும் படும். கடிதமானாலும் பணமானாலும் வழக்கறிஞர் மூலமே போகட்டும். அதைப் பெற்றுக்கொள்வதா, மறுப்பதா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்யட்டும்.