பக்கத்து சீட்டில் மூக்கு நோண்டுகிறார்களா? பார்த்துவிட்டால் என்ன செய்வது

பாடம் நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் விரல் மூக்குக்குள் போகிறது, குடைகிறது, வெளியே வந்ததும் டெஸ்க்கின் அடியில் ஒரு தேய்ப்பு. உங்களுக்குக் குமட்டுகிறது.

அந்த நொடியில் அடக்க வேண்டியது உங்கள் முகத்தைத்தான். "சீ!" என்று ஒரு சத்தம் வந்தால் நாலு பேர் திரும்புவார்கள், மணி அடிப்பதற்குள் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், அது பள்ளி முடியும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வையை நோட்டுக்குத் திருப்பி, மெதுவாக நாலைந்து முறை மூச்சை இழுத்து விடுங்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் இருவர் 200 பள்ளி மாணவர்களிடம் கேட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய அத்தனை பேருமே மூக்கு நோண்டுவதை ஒப்புக்கொண்டார்கள். அவர் செய்வது ஊரில் இல்லாத அதிசயம் அல்ல. பிறர் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் கை. ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சும்மா தங்கியிருக்கும். அது வெட்டுக்காயத்தில் பட்டால் சீழ் பிடிக்கலாம். சளிபிடித்த நாட்களில் வைரஸும் விரலோடு வரும்: அவர் விரலிலிருந்து பேனாவுக்கு, பேனாவிலிருந்து உங்கள் விரலுக்கு, அங்கிருந்து உங்கள் மூக்குக்கோ கண்ணுக்கோ. ஆகவே இரவல் கொடுக்கவென்றே ஒரு பேனாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டு 20 நொடி, நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். கையில் பிசுபிசுப்போ அழுக்கோ இருந்தால் சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம், அது சரியாக வேலை செய்யாது.

டெஸ்க்கின் அடியில் காய்ந்து ஒட்டியிருப்பதை ஸ்கேலால் சுரண்டாதீர்கள். உடைந்து துணுக்குகளாக மடியில் விழும். நான்காக மடித்த டிஷ்யூவை சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு நிமிடம் அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். ஊறியதும் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

அவரிடம் சொல்வதா? உங்களோடு நெருங்கிப் பழகுபவர் என்றால் சொல்லலாம், ஒரே ஒரு முறை. விரல் மூக்கில் இருக்கும்போதே சொன்னால் "நான் எங்கே செஞ்சேன்" என்று மறுப்பார். பாதி நேரம் கை போவது அவருக்கே தெரியாது. இருவரும் தனியாக நடந்து போகும்போது, முகத்துக்கு நேரே நிற்காமல், "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. கிளாஸ்ல மூக்குல கை வைக்கிறது பக்கத்துல இருந்தா தெரியுது. நான் யார்கிட்டயும் சொல்லல" என்று முடித்து, உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டவர் மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போது ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார். வாட்ஸப்பில் எழுதுவதும் ஆபத்து: ஸ்கிரீன்ஷாட் கை மாறினால் நல்லெண்ணத்தோடு எழுதியதே கேலிக்குப் பயன்படும்.

அவராகவே "எப்படி நிறுத்துறது?" என்று கேட்டால், கை மேலே எழும்போது முஷ்டியை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். பழக்கங்களை மாற்ற உளவியலாளர்கள் கற்றுத்தரும் முறை இது. வெறுமனே "செய்யாதே" என்பதைவிடக் கைக்கு வேறு வேலை கொடுப்பது பலிக்கும். மூக்கு வறண்டு பொருக்கு கட்டுவதுதான் காரணம் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு மருந்து உதவும். நகத்தை ஒட்ட வெட்டினால் உள்ளே கீறல் குறையும். நோண்டி ரத்தம் வந்துவிட்டால் தலையை அண்ணாத்தக் கூடாது, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை இரண்டு விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து அழுத்த வேண்டியிருக்கும்.

வேறு சில பழக்கங்களைக் கண்டால் நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள். சாக்பீஸ், காகிதம் தின்பது இரும்புச் சத்துக் குறைவோடு வரலாம். தலைமுடியைப் பிடுங்கி விழுங்கினால் அது வயிற்றில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளலாம். தோலைப் புண்ணாகும்வரை கிள்ளுவதும் சாதாரணமல்ல. இவற்றைக் கண்டால் நம்பிக்கையான ஆசிரியரிடம், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: என்ன செய்தார், எத்தனை நாளாக, ரத்தம் வந்ததா. "அசிங்கமா நடந்துக்கிறான்" என்று தொடங்கினால் அது கோள்மூட்டலாகத்தான் காதில் விழும், அவருக்குத் திட்டுதான் கிடைக்கும்.